பி.டி. மாஸ்டர் பதில்கள்: அணி மாறும் வீரரைத் திட்டலாமா?

சென்ற இதழில் அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் வீரர் ஷோஹெய் ஓட்டானியின் சம்பளத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் என்கிற அளவுக்குக் கடிதங்கள். நம் மலையில் சாஃப்ட்பால் ஆடி வளர்ந்த பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலர் இப்போது விடிகாலை நாலரை மணிக்குக் கம்பளிக்குள் இருந்தபடியே செல்போனில் நியூயார்க் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து மனசு நிறைந்துவிட்டது. இந்த முறை கிரிக்கெட், கால்பந்து எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

மாஸ்டர், ஓட்டானிக்கு 70 கோடி டாலர் என்கிறார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான் வாங்குகிறார் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
— கல்லூரி மாணவர், கூடலூர்

இரண்டும் சரிதான், தம்பி. 2023 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியைப் பிறகு வாங்கிக்கொள்வதாக ஓட்டானி ஒப்புக்கொண்டார். 2033 வரை ஆண்டுக்கு 20 லட்சம் டாலர். அப்புறம் 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடி டாலர், வட்டி இல்லாமல். பத்து வருஷம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு இல்லையா? அதனால் டாட்ஜர்ஸின் சம்பளக் கணக்கில் அவர் பெயரில் ஆண்டுக்கு 7 கோடி ஏறுவதில்லை, சுமார் 4.6 கோடிதான் ஏறுகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் அணிக்கு வரி போடுகிறார்கள். மிச்சமாகும் இடத்தில் இன்னொரு நல்ல பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, எடுக்கலாம். 2024, 2025 இரண்டு ஆண்டும் சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ் டாட்ஜர்ஸுக்குத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இதே ஓட்டானி 2018-ல் ஜப்பானிலிருந்து ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்தபோது வாங்கிய சம்பளம் 5.45 லட்சம் டாலர். 25 வயதுக்குள் வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கியவர் அந்தச் சம்பளத்தில்தான் ஆடினார். ஆறு ஆண்டு முடிந்து ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேசலாம் என்கிற வீரர், ஆன பிறகே அவர் விலையை அவர் பேச முடிந்தது.

ஐ.பி.எல்.லில் ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது. பேஸ்பாலில் ஏன் இல்லை? பணக்கார அணியே எல்லாரையும் வாங்கிப்போட்டால் மற்ற அணிகள் என்ன செய்யும்?
— வங்கி ஊழியர், ஊட்டி

ஐ.பி.எல். 2025 ஏலத்துக்கு அணி ஒன்றுக்கு 120 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். பேஸ்பாலில் அப்படித் தாண்டவே கூடாத கோடு இல்லை. தாண்டினால் வரி கட்ட வேண்டிய கோடு இருக்கிறது. லக்சரி டாக்ஸ் என்பார்கள். 2025-ல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். முதல் முறை தாண்டினால், மிஞ்சிய தொகைக்கு 20 சதவீதம் வரி. அடுத்த ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டும் என்றால் 50. மிக அதிகமாகத் தாண்டினால் அதற்கு மேலும் கூடுதல் வரி உண்டு. 2024-ல் டாட்ஜர்ஸ் கட்டிய வரி மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். கட்டிவிட்டு அவர்கள் பாட்டுக்குச் செலவழிக்கிறார்கள்.

காரணம், உள்ளூர் டிவி பணம். டாட்ஜர்ஸ் 2013-ல் அறிவித்த டிவி ஒப்பந்தம் 25 ஆண்டுக்கு 800 கோடி டாலருக்கும் மேல். சின்ன ஊர் அணியின் டிவி ஒப்பந்தம் அதன் பக்கத்தில்கூட வராது. இதைச் சமன் செய்யத்தான் ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட, அதை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சத்துக்குக் கோடு போட்டவர்கள் அடியில் கோடு போடவில்லை. பங்காக வந்த பணத்தை வீரர்களுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று ஓர் அணியை நெருக்கிப் பிடிக்க வலுவான விதி இல்லை. என்னைக் கேட்டால் பேஸ்பாலில் இதுதான் பெரிய ஓட்டை. அதிகம் செலவழிக்கிற முதலாளியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பங்குப் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிற முதலாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐ.பி.எல்.லோடு ஒப்பிட்டீர்கள். அதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் வீரர். அவருக்குப் பிடித்த அணி எது, பெற்றோர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. சென்னையில் பிறந்து சென்னைக்கே பல வருஷம் ஆடிய அஷ்வினை 2018 ஏலத்தில் பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்தது, அவர் போனார். பேஸ்பாலில் ஃப்ரீ ஏஜென்ட் ஆன வீரர் பத்து அணிகளோடு பேசலாம், குறைந்த பணம் தரும் அணியையும் விரும்பினால் தேர்ந்தெடுக்கலாம். முடிவு அவருடையது.

ஃப்ரீ ஏஜென்ட் முறை வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது? யார் போராடி வாங்கினார்கள்?
— ஆசிரியை, கோத்தகிரி

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1879-ல் தொடங்கியது ரிசர்வ் கிளாஸ் என்ற விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த வீரர் அடுத்த ஆண்டும் அதே அணிக்குச் சொந்தம். அதற்கடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கொடுக்கும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். அணி நினைத்தால் அவரை இன்னோர் ஊருக்கு மாற்றிவிடலாம். 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லி இந்தப் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டையும் போட்டது.

கர்ட் ஃப்ளட் என்று ஒரு வீரர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவர். ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை ஏழு முறை வாங்கியவர். 1969 அக்டோபரில், அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைப் பார்க்காமல் வாங்கி விற்க நான் யாருடைய சொத்தும் அல்ல என்பதுதான் கடிதத்தின் சாரம். கடிதத்துக்குப் பலன் இல்லாமல் போகவே வழக்குப் போட்டார். 1970 சீசன் முழுக்க ஆடாமல் இருந்தார். அவருக்காகச் சாட்சி சொல்ல, ஓய்வுபெற்ற பெரிய வீரர்களான ஜாக்கி ராபின்சன் வந்தார், ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். அன்று களத்தில் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றப் பக்கம் வரவில்லை. அவரவர் பிழைப்பு அவரவருக்குப் பயம். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார்.

நான் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை. ஃப்ளட்டைப் பற்றி எப்போது படித்தாலும், தாத்தா சொன்ன துண்டு முறைதான் எனக்கு நினைவு வரும். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரையிடம் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். அவர் பேரில் நிற்கிற கடன் அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆளை விடுவார்கள். துண்டு இல்லாதவருக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடையாது. 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஃப்ளட்டின் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். கொழுந்து பறித்தவர்களின் பாட்டை அவருடைய பாட்டோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் இந்த இடம் வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமை இரண்டு பேருக்குமே இல்லை. நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்று ஃப்ளட் டிவி பேட்டியிலேயே சொன்னார். அவ்வளவு சம்பாதிக்கிறவர் இப்படிப் பேசலாமா என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தப்பாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது வீரர் சங்கம். 1966-ல் அதன் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர், அதற்கு முன் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். அவர் வந்தபோது குறைந்தபட்ச சம்பளம் 6,000 டாலர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு வருஷம் ஆடினால் அணியின் உரிமை அதோடு முடிந்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்கள் அதற்கு முன்வந்தார்கள். 1975 டிசம்பர் 23 அன்று, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் (களத்து அம்பயர் இல்லை) பீட்டர் சைட்ஸ், சங்கம் சொல்வதுதான் சரி என்றார். அணி முதலாளிகள் உடனே அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை மட்டும் நீக்க முடியவில்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் சுவையானது. எல்லா வீரரையும் ஒவ்வோர் ஆண்டும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடலாம் என்றார் ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி. சந்தையில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் நின்றால் விலை சரியும் என்று அவருக்குத் தெரியும். மில்லருக்கும் தெரியும்; அது நடந்துவிடுமோ என்று அவர் பயந்தார். மற்ற முதலாளிகள் ஃபின்லி பேச்சைக் கேட்கவில்லை. 1976 ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டு ஆடினால் ஃப்ரீ ஏஜென்ட் என்று முடிவானது. ஆண்டுக்குக் கொஞ்சம் பேர்தான் சந்தைக்கு வருவார்கள், அதனால் விலை ஏறும். 1975-ல் சராசரி சம்பளம் சுமார் 45,000 டாலர். 2025 சீசன் தொடங்கும்போது அது 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மில்லருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள், அவர் இறந்து பல வருஷம் கழித்து. 1997-ல் இறந்த ஃப்ளட்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை. எனக்கு அது மனவருத்தம்.

ஆறு வருஷம் என்பதை அணிகள் ஏழு வருஷமாக இழுத்துவிடுகின்றன என்று கேள்விப்பட்டேன். எப்படி?
— தொழிற்சாலை ஊழியர், அருவங்காடு

நாள் கணக்கை வைத்துத்தான். 172 நாள் மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்து அணியில் இருந்தால் ஒரு வருஷம் ஆடியதாகக் கணக்கு. 2015-ல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையண்ட் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஃபீல்டிங்கில் இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி அவரைக் கீழ் மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கூப்பிட்டார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஒரு வருஷம் தள்ளிப்போனது. முறையிட்டார், 2020-ல் தோற்றார்.

இது வெறும் பண விஷயம் இல்லை. நல்ல ஆட்டக்காரரைத் தெரிந்தே உட்காரவைத்துவிட்டு, அதே ஆட்டத்துக்கு ரசிகரிடம் முழு டிக்கெட் காசையும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மருந்து வைத்தார்கள்: சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு ஆண்டும் கணக்கில் சேரும். 2024 மே மாதம் அழைக்கப்பட்ட பிட்ஸ்பர்க் பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்கு அந்த விதி உதவியது. ஆனால் முதல் மூன்று ஆண்டு சம்பளம் இன்னும் அணி கொடுப்பதுதான். அதன் பிறகே நடுவரிடம் போய் சம்பளம் கேட்கலாம். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிய ஸ்கீன்ஸின் அந்த ஆண்டுச் சம்பளம் 8.75 லட்சம் டாலர்.

மாஸ்டர், நான் யாங்கீஸ் ரசிகை. ஹுவான் சோட்டோ எங்களை விட்டுட்டு அதே ஊர் மெட்ஸுக்குப் போயிட்டார். காசுதானே எல்லாம்? இனி நான் எதுக்கு ஒரு வீரரை நம்பணும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குன்னூர்

பாப்பா, உன் வருத்தம் நியாயமானது. 2024-ல் யாங்கீஸை வேர்ல்ட் சீரிஸுக்குக் கொண்டுபோன அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் ஹோம் ரன்னை அடித்தவர் அவர். இரண்டு மாதத்துக்குள் 15 ஆண்டு, 76.5 கோடி டாலர் என்று மெட்ஸில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மே மாதம் அவர் யாங்கீ மைதானத்துக்கு வந்தபோது ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் அவர் உங்கள் அணிக்கு எப்படி வந்தார் என்று யோசித்துப் பார். வாஷிங்டனுக்காக 2019-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த பையன் அவர். 2022-ல் வாஷிங்டன் அவரைச் சான் டியேகோவுக்கு மாற்றியது. 2023 டிசம்பரில் சான் டியேகோ அவரை யாங்கீஸுக்கு மாற்றியது. இரண்டு தடவையும் முடிவெடுத்தது அணிகள். வாஷிங்டனில் அவர் பெயர் போட்ட சட்டையை வாங்கிய பிள்ளைகளும் அன்று அழுதிருப்பார்கள். மேஜர் லீக்குக்கு வந்த பிறகு, தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு முதன்முதலாக வந்தது 2024-ல். அதை அவர் பயன்படுத்திக்கொண்டதற்குத்தான் துரோகி என்று பெயர்.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் கதையைப் படி. செயின்ட் லூயிஸில் பதினொரு சீசன், இரண்டு வேர்ல்ட் சீரிஸ். 2011 டிசம்பரில் 24 கோடி டாலருக்கு ஏஞ்சல்ஸ் போய்விட்டார். ஊரே கொதித்தது. 2019-ல் எதிரணி ஆட்டக்காரராக அவர் திரும்பி வந்தபோது அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. 2022-ல் கார்டினல்ஸுக்கே வந்து, 700 ஹோம் ரன்னைக் கடந்து ஓய்வு பெற்றார். கோபம் ஆற ஏழெட்டு வருஷம் ஆனது, ஆனால் ஆறியது.

நீ கோபப்படத்தான் வேண்டும் என்றால் ஓக்லண்ட் ரசிகர்களைப் பார். அங்கே வளர்ந்த வீரர்களை விலை கூடும் நேரம் பார்த்து ஒவ்வொருவராக மாற்றிவிட்டார்கள். கடைசியில் அணியையே ஊரைவிட்டு எடுத்துப் போனார்கள். 2023 ஜூன் 13 அன்று 27,759 பேர் வேண்டுமென்றே மைதானத்துக்கு வந்து, அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். வீரர்களைப் பார்த்து ஒருவரும் கத்தவில்லை. தங்கள் கோபம் யாரைச் சேர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டம். 46,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

வீரர்களின் சம்பளம் ஏறியதால்தான் டிக்கெட் விலை ஏறுகிறதா?
— ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வெலிங்டன்

முதலாளிகள் அப்படித்தான் சொல்வார்கள், சார். நாளைக்கே எல்லா வீரரும் பாதிச் சம்பளத்துக்கு ஆடினால் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருவார்களா? கூட்டம் எவ்வளவு கொடுக்கத் தயாரோ அவ்வளவு வாங்குவார்கள். வருமானம் பெருகுவதால்தான் சம்பளத்துக்குப் போட்டி போடுகிறார்கள்.

இந்தியர் யாராவது அமெரிக்க பேஸ்பால் அணியில் இருந்திருக்கிறார்களா?
— வாசகர், மஞ்சூர்

உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. மைனர் லீக் வரை ஆடினார்கள்.

2026-ல் மறுபடி ஆட்டம் நின்றுவிடும் என்கிறார்களே?
— தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், குந்தா

முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. தாண்டவே முடியாத சம்பள உச்சவரம்பு வேண்டும் என்பது பல முதலாளிகளின் நெடுநாள் ஆசை. சங்கம் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. போன முறை ஒப்பந்தம் முடிந்தபோது, 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். 99 நாள்.

எனக்குப் பயம் தருவது 1994. உச்சவரம்புச் சண்டையில் ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 232 நாள் நீடித்தது, வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. திரும்ப ஆட்டம் தொடங்கியபோது மைதானத்துக்கு வருகிறவர்கள் சுமார் 20 சதவீதம் குறைந்துவிட்டார்கள். அதில் பாழானது மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். அன்று 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிகளையும்விட மேலே இருந்தார்கள். சண்டை முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களை அணி கைவிட்டது. கூட்டம் தேய்ந்தது. 2005-ல் அணி வாஷிங்டனுக்கு இடம் பெயர்ந்தது. வரம்பு வேண்டும் என்கிற தரப்பு, அடிவரம்பையும் சேர்த்து வைத்து, கணக்குப் புத்தகத்தையும் திறந்து காட்டினால் சங்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் கருத்து. புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வரம்பு கேட்டால், நான் சங்கத்தின் பக்கம்தான் நிற்பேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எந்த அணியைப் பின்பற்றலாம்?
— இல்லத்தரசி, கேத்தி

மில்வாக்கி ப்ரூவர்ஸைப் பாருங்கள் அம்மா. பேஸ்பால் ஊர்களில் மிகச் சின்ன டிவி சந்தைகளில் ஒன்று. 2024-ல் பிட்சர் கார்பின் பர்ன்ஸை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் வில்லி அடாமெஸ் ஃப்ரீ ஏஜென்டாக சான் ஃபிரான்சிஸ்கோ போனார், டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்குக் கொடுத்தார்கள். இத்தனை பேர் போன பிறகும் 2025-ல் 97 ஆட்டம் ஜெயித்து 30 அணிகளில் முதலிடம் வந்தார்கள். பின்பு டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்றது வேறு கதை. அவர்களின் உள்ளூர் இரவு ஆட்டம் நமக்கு விடிகாலை ஐந்தேகால் வாக்கில் தொடங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.